பூட்டு நம் ஊருடையது, சாவி யாருடையது?

திண்டுக்கல் என்றவுடன் வெளியூர் நண்பர்கள் முதலில் கேட்பது பிரியாணியைப் பற்றி, அடுத்தது பூட்டைப் பற்றி. 2019ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்த ஊர்க்காரர்களாகிய எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், பூட்டுத் தொழில் நசிந்து, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட அதே காலத்தில், பூட்டிவைக்கும் தொழில் மட்டும் இந்த வட்டாரத்தில் குறைவின்றி வளர்ந்தது என்பதை யாரும் பேசுவதில்லை. கரூர்ச் சாலையில் வேடசந்தூரைத் தாண்டிப் பயணம் செய்தவர்கள் கண்டிருப்பார்கள். வானம் பார்த்த பூமியின் நடுவே நீண்ட மதில், அதற்குள் நூற்பாலை, ஆலையை ஒட்டி மாடி மாடியாக ஒரு விடுதி, மாடி வராந்தாக்களில் காயும் தாவணிகளும் சுடிதார்களும். அந்த மதிலின் வாசற்கதவுச் சாவியைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஊரைவிட்டு வரும் இளம்பெண் விடுதியில் தங்குவதா, தோழியர் மூவர் நால்வரோடு சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பதா? பத்திரிகைகளின் இணைப்பிதழ்கள் இந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே விதமாகவே பதில் சொல்லிவருகின்றன. இந்தப் பக்கம் சாதகங்கள், அந்தப் பக்கம் பாதகங்கள். விடுதியில் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கும், வீட்டில் சுதந்திரம் கிடைக்கும். விடுதியில் கட்டுப்பாடு, வீட்டில் பாத்திரம் கழுவும் சண்டை. முடிவில், ‘அவரவர் வசதிக்கேற்ப முடிவுசெய்யுங்கள்’ என்ற அறிவுரை. இரண்டு கதவுகளும் திறந்திருக்கும் ஒருத்திக்கு அந்த அறிவுரை பொருந்தும். ஒரு கதவு வெளிப்புறம் பூட்டியும் மற்றொன்று உட்புறம் தாழிட்டும் இருக்கிற ஒருத்தியிடம் ‘தேர்ந்தெடு’ என்று சொல்வதை அறிவுரை என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

முதலில், வெளியே பூட்டிய கதவு.

1990களின் பிற்பகுதியில் தொடங்கி கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் பரவிய ‘சுமங்கலித் திட்ட’த்தை இப்பக்கங்களின் வாசகர்கள் அறிவார்கள். திருமண வயதை எட்டாத அல்லது அப்போதுதான் எட்டிய பெண்கள் மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் 30,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும். அது கல்யாணச் செலவுக்கு. வரதட்சணையை 1961ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடைசெய்துவிட்ட ஒரு நாட்டில், அந்த வரதட்சணைக்கான சேமிப்பே ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்தின் பெயராக இருந்தது. இடையில் நோயுற்று வீடு திரும்பியவளுக்கு அந்தத் தொகை கைக்கு வராமற்போனதும் உண்டு. ‘கேம்ப் கூலி’ என்ற பெயரும் இந்த முறைக்கு வழங்கியது. முகாமில் வைத்திருக்கும் கூலியாள் என்பதைவிட அதை வெளிப்படையாகச் சொல்லிவிட முடியாது.

நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, ஐ.சி.என். ஆகிய அமைப்புகள் 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகள் இவ்விடுதிகளின் நடைமுறையை விவரித்தன. வெளியே செல்ல அனுமதி அரிது, கைப்பேசிக்குக் கட்டுப்பாடு, வீட்டாரைச் சந்திப்பதற்கும் விதிகள். சுமங்கலி என்ற பெயரை இன்று யாரும் விளம்பரப் பலகையில் எழுதத் துணிவதில்லை. பெயர் போனது நல்லதே. ஆனால் ஆலையை நடத்துபவரே அறையையும் கொடுத்து, சோற்றையும் போட்டு, வாசற்கதவையும் பூட்டுவது என்ற ஏற்பாடு பெயரோடு சேர்ந்து போய்விடவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆவது பிரிவு ஆலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்திருந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் சமத்துவத்துக்கு எதிரானது என்று நீக்கி, பாதுகாப்பு நிபந்தனைகளோடு இரவுப் பணியை அனுமதித்தது. கோட்பாட்டளவில் அத்தீர்ப்பை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் நிபந்தனைகள் ஏட்டில் தங்க, அனுமதி மட்டும் ஆலைக்குள் நடந்துவந்தது. 24 மணி நேரமும் ஓடும் கதிர்களுக்கு, கூப்பிட்ட நேரத்தில் வந்து நிற்கும் கைகள் வேண்டும். பக்கத்துக் கிராமத்துப் பெண்ணென்றால் பேருந்து வர வேண்டும், அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் வராதிருக்க வேண்டும், ஊரில் திருவிழா இருக்கக் கூடாது. விடுதியில் இருப்பவளுக்கு இவை எதுவும் இல்லை. இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் குறைந்தால் வார்டன் வந்து கதவைத் தட்டினால் போதும். அங்கே தூக்கம் ஓய்வல்ல. அடுத்த ஷிப்டுக்கான கையிருப்பு.

இது நம் மண்ணில் முளைத்த கொடுமை என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் என்ற ஊரின் பருத்தியாலைகள் 1820களில் தொடங்கி இதையே செய்தன. பண்ணை வீடுகளிலிருந்து வந்த பெண்களைக் கம்பெனி விடுதிகளில் தங்கவைத்து, இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்தி, ஞாயிறு தேவாலயத்துக்குச் செல்வதையும் விதியாக்கி, ‘பெற்றோர் அச்சமின்றி மகளை அனுப்பலாம்’ என்று உறுதி கூறின. சொற்களைக்கூட மாற்றவேண்டியதில்லை, நம் ஊர்ச் சுவரொட்டியில் அப்படியே அச்சிடலாம். 1836ஆம் ஆண்டு விடுதிக் கட்டணம் உயர்த்தப்பட்டபோது அப்பெண்கள் தறிகளை விட்டு வெளியேறினார்கள். கூலியைக் குறைக்காமலே கூலியைக் குறைக்கும் வழி விடுதிக் கட்டணம் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அந்த வெளிநடப்பில் ஹாரியட் ஹான்சன் என்ற 11 வயதுச் சிறுமியும் இருந்தாள். அவளுடைய தாய் கம்பெனி விடுதியொன்றை நடத்திவந்த விதவை. மகளை அடக்கவில்லை என்பதற்காகத் தாயிடமிருந்து விடுதி பறிக்கப்பட்டது. அறையும் வேலையும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஜப்பானில் பருத்தியாலைகளின் விடுதிகளைப் பற்றி, தாமும் ஆலைத் தொழிலாளியாயிருந்த ஹொசோய் வாகிசோ 1925ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். உயர்ந்த மதில்கள், பிரித்துப் படிக்கப்படும் கடிதங்கள், அனுமதியின்றிக் கிடைக்காத வெளியுலகம். லோவெல், ஒசாகா, வேடசந்தூர் என்று இடமும் நூற்றாண்டும் மாறின, விதிமுறைப் பட்டியல் மாறவில்லை.

இனி, உள்ளே தாழிட்ட கதவு.

விடுதி வேண்டாம் என்று ஒருத்தி துணிகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டாக, 6,000 ரூபாய் வாடகையில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. நால்வர் சேர்ந்தால் தலைக்கு 1,500. கணக்குப் புத்தகத்தில் அழகாகத்தான் இருக்கிறது. அவர்கள் ‘டூ-லெட்’ அட்டை தொங்கும் வீடொன்றின் கதவைத் தட்டட்டும். முதல் கேள்வி: ‘ஃபேமிலியா?’ அடுத்தது: ‘எந்த ஊரு? என்ன ஆளுங்க?’ அதற்கும் அடுத்தது: ‘அசைவம் சமைப்பீங்களா?’ இந்த மூன்று கேள்விகளையும் கடந்து வருகிறவளை வரவேற்க முன்பணம் காத்திருக்கிறது. வாடகைக்கு விடுவோர், குடியிருப்போர் ஆகியோரின் உரிமைகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்கிறது அது. ‘வேறு உடன்பாடு இல்லாதபோது’ என்றொரு வாலும் அதற்கு இருக்கிறது. அந்த வால் வழியாக ஆறு மாதமும் பத்து மாதமும் நுழைந்துவிடுகின்றன. மாதக் கூலி வாங்குகிறவள் பத்து மாத வாடகையை எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பாள்?

எல்லாவற்றையும் கடந்து குடியேறியவளின் நாட்களும் பூப்பாதையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். எங்கள் ஊரில் தண்ணீர் வரும் நாளை நாட்காட்டியில் குறித்துவைத்து வாழ்ந்த தலைமுறைகள் உண்டு. குழாயில் தண்ணீர் வரும் நேரம் இரவு ஷிப்டு முடிந்து வந்தவள் தூங்கும் நேரமாக இருக்கும். குடங்களை யார் நிரப்புவது? சிலிண்டர் யார் பெயரில்? நால்வரில் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி மாதத்தின் நடுவில் போய்விட்டால் அவள் பங்கு வாடகை யார் தலையில்? எதிர்வீட்டுத் திண்ணை இரவு வரும் ஒவ்வொருத்தியின் நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. வார்டன் ஒருத்திதான், தெரு முழுக்க வார்டன்கள்.

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு, எங்கள் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. குடம் யார் நிரப்புவது என்ற சண்டையை அந்த நால்வரே போட்டு, அந்த நால்வரே தீர்க்கிறார்கள். இன்று சாம்பாரா, கருவாட்டுக் குழம்பா என்பதை அவர்களே முடிவுசெய்கிறார்கள். சாவி எந்த மாடத்தில் இருக்கும் என்பது நால்வருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலை தொழிற்சங்கக் கூட்டமோ, கோட்டைக்குளத்தோரம் ஒரு நடையோ, கண்டிப்பாக ஒரு சினிமாவோ, யாரிடமும் கடிதம் கொடுக்காமல் போக முடிகிறது. சேர்ந்து வாழ்வதற்கான விதிகளைத் தாமே வகுத்துக்கொள்ளும் பயிற்சிக்குக் குடிமை என்று பெயர். விடுதியின் சுவரில் ஒட்டப்பட்ட விதிகளைப் பின்பற்றுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

‘பாதுகாப்பு?’ என்ற கேள்வி இந்நேரம் பலர் நாவில் வந்திருக்கும். எங்களுக்கும் அதுவே முதன்மையான கேள்வி. 2014ஆம் ஆண்டு பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் தங்கியிருந்த சிறுமியர் இருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். அந்த ஆண்டிலேயே பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. உரிமம், காப்பாளர், காவலர், கண்காணிப்புக் கேமரா என்று அது பேசுகிறது. தேவையானவைதாம். ஆனால் மதிலை உயர்த்தினால் தீமை வெளியே நின்றுவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைசெய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் தெருவில் போன அந்நியர் அல்லர், அவருடைய மேற்பார்வையாளர். அந்தப் பெண் பல மாதங்களாக அவரால் தொல்லைக்குள்ளாகிவந்தார் என்று உடன் பணிபுரிந்தவர்களும் குடும்பத்தாரும் கூறினார்கள். ஆபத்து வேலையிடத்தின் அதிகாரத்திலிருந்து வரும்போது, அதே அதிகாரத்திடம் இரவுக்கான சாவியையும் ஒப்படைப்பதைப் பாதுகாப்பு என்கிறோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 190ஆவது உடன்படிக்கை, வேலையுலகின் வன்முறை நிகழக்கூடிய இடங்களைப் பட்டியலிடும்போது, முதலாளி அளிக்கும் தங்குமிடத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஜெனீவாவில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமற்போக நியாயமில்லை.

அந்தக் கொலைக்குப் பின் பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் எச் அண்டு எம் உள்ளிட்ட பன்னாட்டு நிறுவனங்களையும் உற்பத்தி நிறுவனத்தையும் கையெழுத்திட வைத்த ஒப்பந்தம் உருவாயிற்று. உலகெங்கும் அதற்கு ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே பெயர். பூட்டுக்கும் பிரியாணிக்கும் அடுத்ததாக எங்கள் ஊர்ப் பெயர் இப்படியும் உலகம் சுற்றியதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அங்கே காவலனாக நின்றது மதில் அல்ல. பெண்கள் ஒருவரையொருவர் சந்தித்து, பேசி, புகார் சொல்லி, பழிவாங்கப்படாமல் மறுநாள் வேலைக்கு வர முடிவது. மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே வர முடியாதவர்கள் எந்தக் கூட்டத்துக்கு வருவார்கள்?

விடுதியே கூடாது என்று நாங்கள் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். தமிழகத்தில் விடுதிக்கு ஒரு விடுதலை வரலாறும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சகோதரி சுப்புலட்சுமி சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்காக நடத்திய விடுதி, வீடு பூட்டிய கதவைத் திறந்தது. ஆதிதிராவிடர் நல விடுதிகள் இல்லையேல் எத்தனையோ முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இல்லை. எங்கள் சின்னாளபட்டிக்கு அருகில், இளம் வயதில் கணவரை இழந்து பின் டெல்லியில் மருத்துவம் பயின்ற டாக்டர் சௌந்தரமும், அவர் மணந்துகொண்ட ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தோற்றுவித்த காந்திகிராமம் இருக்கிறது. அது பிறந்த ஆதாரக் கல்விச் சிந்தனையில் சமையலும் துப்புரவும் கணக்கெழுதுவதும் அங்கே வாழ்பவர்களின் பொறுப்பு. கூட்டுவாழ்வு என்பது கல்வியின் ஒரு பகுதியே. பதினாறு வயதில் கல்யாணம் பேசப்படும் வீட்டிலிருந்து தப்பி வந்தவளுக்கு ஆலை விடுதியின் இரும்புக் கட்டில்கூட ஒரு விடுதலைதான். அதை நாங்கள் இழிவாகப் பேசமாட்டோம். ஆகவே கேள்வி விடுதியா வீடா என்பதல்ல. அங்கே வாழ்கிறவளிடம் சாவி இருக்கிறதா என்பது.

இன்னொரு இரட்டை வேடத்தையும் சொல்லியாக வேண்டும். நடுத்தர வகுப்பு வீட்டு மகள் பெங்களூரில் மூன்று தோழியரோடு ஃபிளாட் எடுத்துத் தங்கினால் அது தன்னம்பிக்கை. எரியோட்டிலிருந்து வந்த மில் தொழிலாளி திண்டுக்கல் நாகல் நகரில் மூன்று தோழியரோடு வீடெடுத்தால் அது ‘கேட்பாரற்றுத் திரிவது’. கணினிப் பெண்ணின் இரவு வேலைக்குக் கார் வருகிறது. நூற்பாலைப் பெண்ணின் இரவு வேலைக்கு மதில் வருகிறது. ஒழுக்கம் என்ற சொல் சம்பளப் பட்டியலைப் பார்த்துப் பொருள் மாறுவதை வேறெந்த அகராதியிலும் காண முடியாது.

அரசு என்ன செய்கிறது? 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பகுதியில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆப்பிள் நிறுவனம்கூட விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரத்துக்குக் குறைவானவை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு வளாகத்தை அரசு திறந்தது. அறைகள் மேம்பட்டதை வரவேற்கிறோம். ஆனால் மகள் வயதுப் பெண்கள் 18,720 பேருக்குக் கட்டில் எண்ணத் தெரிந்த அரசு, அவர்களில் சிலர் நால்வராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டில் குடியிருக்க விரும்பலாம் என்பதை எண்ணிப் பார்த்ததா? இன்னொரு புறம், விடுதி வசிப்பிடமா வணிகமா என்ற வரி வழக்கில், பெண்கள் விடுதி வசிப்பிடமே என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. வரிவிலக்குக்கு அது வீடு என்றால், உள்ளே இருப்பவளுக்கும் அது வீடாகவே இருக்க வேண்டும். தன் வீட்டுக்குள் வரவும் போகவும் யாரும் மனு எழுதுவதில்லை.

எனவே நாங்கள் கேட்பவை எளியவை. வேலைக்கும் தங்குமிடத்துக்கும் உள்ள முடிச்சு அவிழ வேண்டும். வேலையை விட்டவள் அதே இரவில் கட்டிலையும் இழக்கும் நிலை கூடாது. விடுதி எங்கிருந்தாலும் மெஸ் கணக்கும் நேர விதிகளும் அங்கே தங்குவோர் தேர்ந்தெடுத்த குழுவின் கையில் இருக்க வேண்டும். கைப்பேசியும் பார்வையாளரும் தொழிற்சங்கமும் தடையின்றி உள்ளே வர வேண்டும். முன்பண வரம்பின் வாலை வெட்ட வேண்டும். உழைக்கும் பெண்கள் கூட்டாக வாடகைக்கு எடுக்கக்கூடிய சிறு வீடுகளை, ஆலை மதிலுக்குள் அல்லாமல் ஊருக்குள், அரசு கட்ட வேண்டும்.

இலக்கிய வாசகர்களிடம் ஒரு சொல். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளையும் மூட்டைப்பூச்சிகளையும் மாதக்கடைசிப் பசியையும் தமிழ்ச் சிறுகதை ஏராளமாக எழுதித் தீர்த்திருக்கிறது. அவை பெரும்பாலும் ஆண்களின் அறைகள். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரின் வாழ்வை, இந்த ஊரில் வழக்கறிஞராயிருந்த டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலில் எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. அவர் 2019இல் மறைந்தார். நூற்பாலை விடுதிக்கு அப்படியொரு நாவல் இன்னும் வேண்டியிருக்கிறது. அதை எங்களைப் போன்றவர்கள் வெளியே நின்று எழுதுவதைக் காட்டிலும், உள்ளே இருப்பவள் எழுதுவதே முறை. லோவெல் ஆலைப் பெண்கள் 1840 முதல் 1845 வரை தங்கள் படைப்புகளைக் கொண்டு ஒரு சொந்த இதழை நடத்தினார்கள். 12 மணி நேரத்துக்கும் மேலான வேலைக்குப் பின், பத்து மணிக் கதவடைப்புக்கு முன் கிடைத்த நேரத்தில் எழுதினார்கள். வேடசந்தூர்ப் பெண்ணுக்கும் எழுதுவதற்கு நிறைய இருக்கும். அவளுக்குக் காகிதத்தையும் பேனாவையும் பரிசளிக்கும் விழாக்களை நடத்துவதற்கு முன், அவள் எழுதியதை யாரும் பிரித்துப் படிக்காத ஒரு பெட்டியும், அந்தப் பெட்டிக்கு ஒரு நல்ல திண்டுக்கல் பூட்டும் கிடைக்க வழி செய்வோம். சாவி அவளிடமே இருக்கட்டும்.